தொள்ளாயிரத்து ஐந்தை 9005 என்று எழுதும் பிள்ளை

"ரீச்சர், இவனுக்கு மட்டந்தட்டல் வருகுதில்லை." யாழ்ப்பாணத்தில் தரம் 4, 5 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கும் என்னிடம் பெற்றோர் அதிகம் சொல்லும் முறைப்பாடு இதுதான். மட்டந்தட்டல் என்றால் ஓர் எண்ணைக் கிட்டிய பத்துக்கோ நூறுக்கோ மாற்றி எழுதுவது. கொப்பியைப் பார்த்துவிட்டு, "தொள்ளாயிரத்து ஐந்து எழுது, ராசா" என்பேன். பல பிள்ளைகள் 9005 என்று எழுதுவார்கள். பிழை மட்டந்தட்டலில் இல்லை, அதற்கு முந்திய இடப்பெறுமானத்தில் இருக்கிறது.

இதற்குப் பிள்ளையை ஏசாதீர்கள். காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறது: 900, பக்கத்தில் ஒரு 5. நம் முன்னோரும் சொல்வது போலவேதான் எழுதினார்கள். பழைய தமிழ் எண்முறையில் 905 என்பது ௯௱௫. நூறுக்கென்று தனிக்குறி இருந்ததால் அங்கே பூச்சியத்துக்கு வேலை இல்லை. இன்றைய முறையிலோ 9 என்பது தொள்ளாயிரம் என்று அது நிற்கும் இடம் மட்டுமே சொல்கிறது. நடுவிலுள்ள 0, தனிப் பத்துகள் இல்லை என்று அந்த இடத்தைக் காக்கிறது.

ஒன்பதின் பெயர்கள் பிள்ளையை இன்னும் குழப்பும். எட்டுக்கு எண்பது, எண்ணூறு, சிக்கலில்லை. ஆனால் தொண்ணூறில் நூறு கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. அதனால் ஒன்பதை நான் கடைசியில்தான் எடுப்பேன். முதலில் ஈர்க்கு. பத்து ஈர்க்கு ஒரு கட்டு, பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. இரண்டு பெரிய கட்டும் ஐந்து தனி ஈர்க்கும் மேசையில் கிடக்கும்போது, 2005 என்று எழுதிய பிள்ளை தானாகவே அழிறப்பரைத் தேடும்.

இடம் பிடிபட்ட பிறகுதான் மட்டந்தட்டல். 'ஐந்து வந்தால் கூட்டு' என்ற விதியை மட்டும் மனனம் செய்த பிள்ளை, 2449ஐக் கிட்டிய நூறுக்கு மட்டந்தட்டச் சொன்னால் முதலில் 2450 ஆக்கி, பிறகு 2500 என்று எழுதிவிடும். சரியான விடை 2400. ஏனென்றால் 2400இலிருந்து 49தான் தூரம், 2500க்கு 51. விதியைக் கேட்காமல், "எதுக்குக் கிட்ட நிற்குது?" என்று கேளுங்கள். பஸ்சில் போகும்போது கிலோமீற்றர் கல்லைக் காட்டிக் கேட்டாலும் போதும்.

மதிப்பிடலில்தான் எனக்குக் கவலை அதிகம். பிள்ளைகள் முதலில் சரியான விடையைக் கண்டுபிடித்து, பிறகு அதை மட்டந்தட்டி 'மதிப்பீடு' என்ற கோட்டில் எழுதுகிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பழக்கிப் பழக்கி, கிட்டத்தட்ட என்பது பிழையான விடை என்ற பயத்தை நாங்களே ஊட்டிவிட்டோம். மதிப்பீடு கணக்குக்கு முன்னால் வர வேண்டியது. வந்த விடை நம்பக்கூடியதா என்று பார்ப்பதற்குத்தான் அது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். வெங்காயம் கிலோ 285 ரூபாய், மூன்று கிலோ வேண்டும் என்றால், காசை எடுக்க முன்னர் கேளுங்கள். முந்நூறாக வைத்தால் 900. அதற்குக் கூடவா, குறையவா? விலையைக் கூட்டி வைத்தோம், ஆகவே குறைய.

இப்படிப் பழகிய என் மாணவி ஒருத்தி, கடைக்காரரின் கல்குலேட்டரில் 8550 என்று வந்ததும், "அங்கிள், 900க்குள்ளதானே வரவேணும்" என்றாளாம். அவர் திரும்ப அழுத்திப் பார்த்திருக்கிறார். 855.