நுவரெலியா ஹோட்டலில் நடுராத்திரி நடப்பது யார்?

ஏப்ரல் சீசனுக்குப் போய்க் கொழும்பு திரும்புகிறவர்கள் ஸ்ட்ராபெரியும் லீக்ஸும் கொண்டு வருவார்கள். கூடவே ஒரு பேய்க்கதையும் வரும். வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல், மரத்தளம், மேல்மாடியில் யாரோ நடக்கும் சத்தம், கதவைத் திறந்தால் ஆளே இல்லை. சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் இருக்கும். அதே ஆளுக்கு வெள்ளவத்தை வீட்டில் ஏன் கேட்பதில்லை என்பதுதான் கேள்வி.

முதல் காரணம் ஃபேன். கொழும்பில் இரவு முழுக்க அது தலைக்கு மேல் சுற்றுகிறது. வெளியே காலி வீதியில் ஓடும் வாகனங்கள், கடலோர ரயில், பக்கத்து வீட்டு ஏசி. விடாமல் வரும் இரைச்சல் சின்னச் சத்தங்களைக் காதுக்கு எட்டாமல் மூடிவிடும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிவதுண்டு. அங்கே ஃபேனுக்கு என்ன வேலை? அது இல்லாத அறையில் கூரையில் ஓடும் எலியும் கனத்த ஆள்தான்.

அடுத்தது கட்டிடம். கிராண்ட் ஹோட்டல் 1828இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் இல்லமாகத் தொடங்கியது. ஹில் கிளப் 1876ஐச் சேர்ந்தது. இந்த வயதுக் கட்டிடங்களில் மரமும் ஆணியும் தகரமும் அதிகம். பகல் வெயிலில் காய்ந்த 10 மீட்டர் இரும்புத் தகரம் இரவில் 30 பாகை குளிர்ந்தால் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். ஆனால் ஆணி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இழுவிசை ஏறி ஏறி, ஓர் இடத்தில் சட்டென்று வழுக்கும்: டக். அப்புறம் அடுத்த ஆணி: டக். மரப்பலகை குளிருக்கும் ஈரத்துக்கும் இன்னும் மெதுவாக அசைந்து கொடுப்பதால், ஊர் அடங்கிய பிறகும் அதன் சத்தம் தொடரும். இடைவெளி விட்டு வரிசையாக வரும் தட்டல்களைக் காலடியாகக் கேட்பது மூளைக்குப் பழக்கமான வேலை.

சரி, சத்தம் வருகிறது. தூங்கிவிட்டால் பிரச்சினை இல்லையே? அங்கேதான் சிக்கல். புது இடத்தில் முதல் இரவு ஆழ்ந்த உறக்கத்திலும் மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிடக் கூடுதலாக விழித்திருக்கிறது என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். வழக்கமில்லாத சத்தம் வந்தால் அந்தப் பாதி சட்டென்று எழுப்பிவிடும்.

இப்படி உடைந்து உடைந்து வரும் தூக்கத்தில் இன்னொன்றும் நேரலாம். கனவு காணும் நேரத்தில் கைகால் ஆடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தப் பூட்டுத் திறப்பதற்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், அறை தெரியும், விரலைக்கூட அசைக்க முடியாது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம். கனவின் மிச்சம் அறைக்குள் உருவமாக நிற்கும். நம் ஊர்களில் அமுக்குப் பேய் என்பார்கள். பொதுமக்களில் சுமார் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்திருக்கிறது. தூக்கம் கெட்ட நாட்களிலும், மல்லாந்து படுக்கும்போதும் வாய்ப்பு அதிகம்.

உருவம் தெரியாமல் 'யாரோ இருக்கிறார்கள்' என்ற உணர்வு மட்டும் வருவதும் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் இந்த விஷயத்திலேயே சுவாரசியமான பகுதி. 1933இல் எவரெஸ்டில் தனியாக ஏறிக்கொண்டிருந்த ஃபிராங்க் ஸ்மைத், கூட வருவதாக உணர்ந்த துணைவருக்குக் கொடுக்க இனிப்புத் துண்டைப் பாதியாக உடைத்துத் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஓலாஃப் பிளாங்கேயின் ஆய்வுக்குழு 2014இல் அந்த 'யாரோ'வை ஆய்வுகூடத்திலேயே வரவழைத்தது. கண்ணைக் கட்டிய ஒருவர் முன்னாலுள்ள கருவியை விரலால் அசைப்பார். பின்னாலுள்ள ரோபோ அதே அசைவில் அவர் முதுகைத் தொடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் தன் முதுகைத் தானே தொடுவது போலிருக்கும். அரை வினாடி தாமதித்தால் போதும், பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்ற உணர்வு வந்துவிடும். இரண்டு பேர் பயந்துபோய்ப் பரிசோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கில் மூளை தடுமாறினால், தன்னையே அது வேற்றாளாக எண்ணிக்கொள்கிறது. களைப்பு, இருட்டு, உயரம் எல்லாம் அந்தக் கணக்கைக் குழப்பக் கூடியவை. ஆனாலும் நுவரெலியா எவரெஸ்ட் இல்லை. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கிறது. பழியை உயரத்தின் மேல் போடுவது அதிகம்.

காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வெண் ஒலி பேயுணர்வைத் தரும் என்ற விளக்கமும் இணையத்தில் நிறையச் சுற்றுகிறது. 1998இல் வெளியான ஓர் அனுபவக் குறிப்பிலிருந்து கிளம்பியது அது. பிறகு நடந்த பரிசோதனைகள் அதை உறுதியாகத் தாங்கவில்லை. முன்கூட்டியே சொல்லிவைத்த கதைக்குத்தான் வலிமை அதிகம். 1997இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய தியேட்டர் ஒன்றை இரண்டு குழுக்களுக்குச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு குழுவிடம் பேய் உலவும் இடம் என்றார்கள், மற்றதிடம் திருத்த வேலை நடக்கிறது என்றார்கள். விசித்திர அனுபவங்கள் முதல் குழுவிடமிருந்தே அதிகம் வந்தன. அமெரிக்காவின் ராக்கி மலையில் 1909இல் திறந்த ஸ்டான்லி ஹோட்டல் பேய்ச் சுற்றுலாவுக்குக் காசே வாங்குகிறது. அதில் போகிறவருக்கு ஒன்றும் தோன்றாவிட்டால்தான் அதிசயம்.

ஒரு பேய் மட்டும் நிஜமாகவே ஆபத்தானது. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ சஞ்சிகை ஒன்றில் ஒரு குடும்பத்தின் அனுபவம் வெளியானது: பழைய வீடு, காலடிச் சத்தம், தெரியும் உருவங்கள், தலைவலி, வெளிறிப்போன பிள்ளைகள், வாடிய செடிகள். வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகைபோக்கி வழியே போக வேண்டிய காபன் மோனொக்சைட்டு அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, குருதியில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். உலையைத் திருத்தியதும் பேய்கள் போய்விட்டன. எனவே மலை ஹோட்டலில் குளிருக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்து, கணப்பில் தணல் கிடக்கும்போது யாருக்காவது தலை வலித்துக் குமட்டினால், முதலில் எல்லோரையும் வெளியே கூட்டிப் போங்கள். பார்பிக்யூ கரியை அறைக்குள் எடுத்து வரவே வேண்டாம்.