நோமா நியோநேட்டோரம்: பச்சிளங்குழந்தையின் அழுகுபுண்

நோமா நியோநேட்டோரம் என்ற நோய்க்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? முதலில் மூலச்சொல்: 'நோமே' என்றால் கிரேக்கத்தில் மேய்ச்சல். மாடு புல்லை மேய்ந்துகொண்டே போவதுபோல் தசையைத் தின்று பரவும் புண்ணுக்குப் பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் இச்சொல்லை வைத்தார்கள். 'நியோநேட்டோரம்' என்பது 'புதிதாய்ப் பிறந்தவர்களுடைய' என்று பொருள்படும் இலத்தீன். பிறந்து 28 நாளுக்குள், பெரும்பாலும் குறைமாதத்தில் எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு, உதடு, மூக்கு, வாய், கண்ணிமை, ஆசனவாய், விதைப்பை ஆகிய இடங்களில் தசை கறுத்து அழியும் நோய் இது. 1978இல் இந்திய மருத்துவர்கள் லான்செட் மருத்துவ இதழில் இதன் காரணத்தை ஆராய்ந்து எழுதினார்கள்.

வெறுமனே 'நோமா' என்பது வேறு நோய். அது ஊட்டக்குறைவுள்ள, சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு ஈறில் தொடங்கிக் கன்னத்தைத் துளைப்பது. வாயில் வாழும் பலவகைக் கிருமிகள் கூடிச் செய்வது. பச்சிளங்குழந்தைக்கு வருவதில் முதன்மைக் குற்றவாளி சூடோமோனாஸ் ஏருஜினோசா. 'ஏருகோ' என்றால் இலத்தீனில் செம்பில் பூக்கும் களிம்பு. இக்கிருமி உமிழும் நிறமி அந்த நீலப்பச்சைதான்.

கிருமி இரத்தத்தில் கலந்து சிறு நாளங்களின் சுவருக்குள் பெருகுகிறது. அதன் நஞ்சு உயிரணுக்களின் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. அது சுரக்கும் எலாஸ்டேஸ் நொதி நாளச்சுவரின் மீள்நாரைச் சிதைக்கிறது. இரத்தம் உறைந்து ஓட்டம் நின்றதும் தசை மாண்டுவிடுகிறது. தோலில் முதலில் சிவந்த திட்டு, பிறகு இரத்தக் கொப்புளம், 12 முதல் 24 மணி நேரத்தில் நடுவே கரும்பொருக்கு. சீழ் அதிகம் இராது. சீழாக வேண்டிய வெள்ளணுக்கள் அக்குழந்தையிடம் குறைவு. சீழில்லையே என்று ஆறுதல்கொண்டு காத்திருப்பதுதான் உயிரைப் பறிக்கிறது.

அதனால்தான் தமிழ்ப்பெயராக 'சீழ்ப்புண்' பொருந்தாது. 'புரையோடிய புண்' உள்ளே குழலாய்த் துளைப்பதைச் சொல்வது, அதுவும் ஆகாது. 'மேய்புண்' மூலச்சொல்லுக்கு மிக நெருக்கம், ஆனால் கேட்டவுடன் விளங்காது. கேங்க்ரீனுக்குத் தமிழகத்தார் 'திசு அழுகல்' என்பார்கள். இலங்கை வழக்கில் திசு 'இழையம்'. இரு கரையிலும் புரிய 'பச்சிளங்குழந்தை அழுகுபுண்' என்பதே எங்கள் தேர்வு.

கறுப்புத் திட்டைக் கண்டதும் இரத்தக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனைக்கு) 1 மில்லிலிட்டர் இரத்தமாவது எடுத்து, முடிவுக்குக் காத்திராமல் கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்க வேண்டும். ஆம்பிசிலின் இக்கிருமியிடம் பலிக்காது. செஃப்டாசிடைம் அல்லது பைப்பராசிலின்-டாசோபாக்டம், கூடவே அமிக்காசின் வேண்டும். கல்ச்சர் முடிவைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். மாண்ட தசைக்கும் உயிருள்ள தசைக்கும் எல்லை தெளிந்தபின் இறந்ததை நீக்குவார்கள். முகத்தைச் சீரமைப்பது பிழைத்து வளர்ந்த பிறகு. வார்டில் ஒரு குழந்தைக்கு வந்தால் கிருமி ஒளிந்திருக்கும் தண்ணீரைத் தேடுங்கள்: இன்குபேட்டரின் ஈரப்பதத் தொட்டி, சக்‌ஷன் குழாய், கைகழுவும் தொட்டியின் வடிகால்.