கோப்பகத்தை மாற்றுவதா, கோப்பகம் மாறுவதா?

பிஎச்பி என்ற நிரல்மொழி பற்றித் தமிழில் வரும் பாடக்குறிப்புகளில் ‘சிஎச்டிர்’ (‘சேஞ்ச் டைரக்டரி’ என்பதன் சுருக்கம்) என்ற செயற்கூறுக்கு ‘பணிபுரியும் கோப்பகத்தை மாற்றும்’ என்று விளக்கம் போடுகிறார்கள். எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது!

முதலில் டைரக்டரி. லத்தீன் வேர், வழிகாட்டுதல் என்ற பொருள். வழிகாட்டும் ஏடு, தொலைபேசி எண் புத்தகம் என்று வந்து, கணினியில் கோப்புகளை அடக்கிய இடமானது. தமிழில் ‘அடைவு’, ‘கோப்பகம்’ இரண்டும் புழங்குகின்றன. ‘அடைவு’ என்றால் முறை, வரிசை, நல்ல சொல்தான். ஆனால் கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மலையாள ‘அடவு’ காதில் விழுந்துகொண்டே இருக்கும், அது வங்கிக் கடன் கட்டுவது. பையன்கள் சிரிக்கிறார்கள். கோப்பகமே இருக்கட்டும்.

சிக்கல் ‘மாற்று’ என்பதில். கோப்பகத்தை மாற்று என்றால் அதன் பெயரை மாற்றுவதா, அனுமதியை மாற்றுவதா? முதலாவதற்கு ‘ரீநேம்’ இருக்கிறது, இரண்டாவதற்கு ‘சிஎச்மோட்’. சிஎச்டிர் கோப்பகத்தைத் தொடுவதே இல்லை. நிரல் நிற்கும் இடம்தான் மாறுகிறது. ‘அப்லோட்ஸ்’ கோப்பகத்துக்கு மாறிவிட்டு வெறுமனே ‘படம்.ஜேபிஜி’ என்று எழுதினால், அங்கே இருக்கும் படத்தைத் தேடும். போக முடிந்தால் உண்மை, முடியாவிட்டால் ஓர் எச்சரிக்கையோடு பொய் என்று திருப்பித் தரும். அவ்வளவுதான்.

‘சட்டையை மாற்றினேன் என்று சொல்வதில்லையா?’ என்று கேட்பார்கள். சொல்கிறோம். அங்கே பழைய சட்டை கழன்று, புதியது உடம்புக்கு வருகிறது. இங்கே கோப்பகங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, போவது நாம். பொள்ளாச்சி வண்டியில் வந்து எங்கள் ஊரில் இறங்கிச் சித்தூர் வண்டி பிடிக்கிறவர் ‘பஸ் மாறணும்’ என்றுதான் சொல்வார். மலையாளத்திலும் ‘மாறிக் கேறணம்’தான். மாறு, மாற்று என்று பிரித்துச் சொல்லும் வசதி நம் மொழியில் இருக்க, ஆங்கிலத்தில் ‘சேஞ்ச்’ என்று கண்டதும் ‘மாற்று’ என்று எழுதிவிடுவது என்ன சோம்பல்? சொல்லைப் பார்க்கிறார்கள், அது செய்யும் வேலையைப் பார்ப்பதில்லை.

அப்புறம் அந்தப் ‘பணிபுரியும்’. பணிபுரிவது கோப்பகமா? அது சும்மா கிடக்கிறது. நடப்பு ஆண்டு, நடப்புக் கணக்கு என்று சொல்லிப் பழகியவர்களுக்கு ‘நடப்புக் கோப்பகம்’ என்றால் உடனே புரியும். நடப்பு எது என்பதும் இடத்துக்கு இடம் வேறு. வலை வழங்கி நிரலை ஓட்டும் முறைகளில் ஒன்றான சிஜிஐ வழியாக ஓடினால் நிரல்கோப்பு இருக்கும் கோப்பகம். கட்டளை தட்டும் முனையத்தில் ஓட்டினால் நாம் எங்கிருந்து ஓட்டினோமோ அது. குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டு ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று தலையைச் சொறிகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

‘கெட்சிடபிள்யூடி’ என்ற இன்னொரு செயற்கூறுக்கு ‘பணிபுரியும் கோப்பகத்தைப் பெறு’ என்று எழுதியிருப்பதையும் பார்த்தேன். பெற்று எங்கே வைப்பது? நிற்கும் இடத்தின் பாதையைச் சொல்கிறது அது. ‘நடப்புக் கோப்பகம் எது’ என்று எழுதினால் போதும்; சிஎச்டிருக்குக் ‘கோப்பகம் மாறு’.