கோரைக்கு யூரியா, தேக்குக்குப் பட்டினி

புதுக்கோட்டைப் பக்கம், இரும்பு கலந்த சிவப்பான செம்புறை மண். மூன்று வருடத் தேக்கு நெஞ்சு உயரம்கூட வரவில்லை. "வருஷம் தவறாம யூரியா போடறேன் சார், மரம் ஏறவே மாட்டேங்குது" என்றார் தோட்டக்காரர். மரத்தடியைப் பார்த்தேன். கோரையும் அருகம்புல்லும் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றன. யூரியா போன வழியைச் சொல்ல ஆய்வகம் தேவையில்லை.

ஆனாலும் மண் மாதிரி அனுப்பினோம். கார அமில நிலை (pH) 5.2 என்று வந்தது, அதாவது நல்ல புளிப்பு மண். தேக்குக்குப் பிடித்தது 6.5 முதல் 7.5 வரை. சுண்ணாம்புச் சத்தை நிறையக் கேட்கும் மரம் அது. போதாக்குறைக்கு, யூரியாவைத் தொடர்ந்து போட்டால் மண்ணில் புளிப்பு இன்னும் ஏறும்.

இந்த மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தனித் தலைவலி. மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. அதனால் மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டை மேலாகத் தூவாதீர்கள். மக்கிய தொழுவுரத்தில் கலந்து, கிளைகளின் ஓரம் தரையில் விழும் இடத்தில் அரையடி ஆழத்தில் வைத்து மூடுங்கள். புளிப்பு மண்ணில் பாறை பாஸ்பேட்டும் மெல்லக் கரைந்து உதவும். சுண்ணாம்பு போட்டுவிட்டால் அது கரையாது, அப்போது சூப்பர் பாஸ்பேட்தான்.

அவரிடம் சொன்னது இதுதான். முதலில் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி ஒரு மீட்டருக்குக் களை எடுங்கள். பிறகு ஆய்வறிக்கை சொல்லும் அளவு சுண்ணாம்புக்கல் தூள். அதையும் யூரியாவையும் ஒன்றாகப் போட்டால் யூரியாவிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகப் பறந்துவிடும், சில வாரம் இடைவெளி விடுங்கள். யூரியாவை ஈரம் இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்து மண்ணால் மூடுங்கள். அப்புறம், சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மண்ணுக்குத் திரும்ப வேண்டிய தழைச்சத்தெல்லாம் புகையாகப் போகிறது.

கிளம்பும்போது, பக்கத்து ஒரு ஏக்கரிலும் தேக்கு வைக்கலாமா என்று கேட்டார். நாலு இடத்தில் கடப்பாரையை இறக்கினோம். நாலிலும் ஒன்றேகால் அடியில் 'ணங்' என்றது. கீழே பாறை மாதிரி இறுகிய செம்புறை, தேக்கு வேர் இறங்க வழியில்லை. அதற்கு உரக்கடையில் மருந்து கிடையாது. அந்த வட்டாரத்தில் இவ்வளவு முந்திரி நிற்பது சும்மா இல்லை. "முந்திரியை யோசிங்க" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.