உரம் மண்ணில் இருக்கிறது, வேருக்குள் ஏன் போகவில்லை?

மழைநீர் நாலைந்து நாள் தேங்கி வடிந்த வயலில், நெல் தவிர்த்த பயிர்கள் பலவும் மஞ்சளாகும். உடனே யூரியா மூட்டையைப் பிரிக்கிறோம். அந்த நேரத்தில் வேரில் போடும் உரம் பெரும்பாலும் வீண்தான்.

வேர்ச் செல்லைச் சுற்றியிருப்பது கொழுப்பாலான மிக மெல்லிய சவ்வு. நைட்ரேட், பொட்டாசியம் போன்ற மின்னேற்றம் கொண்ட அயனிகள் அதைத் தாமாகக் கடக்க முடியாது. சவ்வில் பதிந்துள்ள புரத பம்புகள், செல்லின் எரிசக்தி மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துப் புரோட்டான்களை (நேர்மின்னேற்றமுள்ள ஹைட்ரஜன் அயனிகளை) வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அதனால் செல்லின் உட்புறம் பொதுவாக 120 முதல் 180 மில்லிவோல்ட் வரை எதிர்மின்னழுத்தத்தில் இருக்கிறது. அந்த ஈர்ப்பில்தான் பொட்டாசியம் உள்ளே வருகிறது. நைட்ரேட்டோ, திரும்பி நுழையும் புரோட்டான்களோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

நீரில் ஆக்ஸிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மூச்சுத் திணறும் வேர், ஆக்ஸிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைக்கும் நொதித்தலுக்கு மாறும். ஒரு குளுக்கோஸிலிருந்து 30 ஏடிபி வரை கிடைத்த இடத்தில் இப்போது கிடைப்பது 2. பம்பு ஓய்கிறது, மின்னழுத்தம் சரிகிறது, ஏற்கெனவே சேர்த்து வைத்த பொட்டாசியமும் வெளியே கசிகிறது. இந்த நிலையில் உரத்தைக் கொட்டினால் மண்கரைசலில் உப்புதான் ஏறும்.

உவர் நிலத்திலும் இதே கசிவு உண்டு. சோடியம் நேர்மின்னேற்றத்தோடு நுழைந்து மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. சவ்வை உறுதியாகப் பிடித்திருக்கும் கால்சியத்தையும் பெயர்க்கிறது. சோடியம் மிகுந்த களர் மண்ணில் ஜிப்சம் கால்சியத்தைத் தரும். ஆனால் பெயர்ந்த சோடியத்தை நல்ல நீர் பாய்ச்சி வடிக்காவிட்டால் அது அங்கேயேதான் கிடக்கும். குளிரில் சவ்வின் கொழுப்பு இறுகுகிறது, வேரும் மெல்ல வளர்கிறது, மணிச்சத்து உள்ளே வருவதும் குறைகிறது. மக்காச்சோள இளம்பயிர் ஊதா நிறம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்; வெயில் ஏறினால் பெரும்பாலும் தானே தெளியும்.

எனவே உரம் போடுமுன் வேரைப் பாருங்கள். ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து நீரில் மெதுவாக அலசுங்கள். நுனி வெள்ளையாக, உறுதியாக இருந்தால் வேர் வேலை செய்கிறது. பழுப்பேறி, விரலால் இழுத்ததும் மேல்தோல் உறைபோல் உருவி நடுநரம்பு நூலாக மிஞ்சினால் அது அழுகிய வேர்.

முதல் வேலை வடிகால் வெட்டுவது. மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் மேலோட்டைக் கொத்திக் காற்று விடுங்கள். அதுவரை இலைவழி கொஞ்சம் தழைச்சத்து கொடுக்கலாம்: 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் யூரியா, அதாவது 1 சதவீதம். யூரியா மூலக்கூறுக்கு மின்னேற்றம் இல்லை என்பதால் இலைத்தோலை எளிதாகக் கடக்கும். பயூரெட் (யூரியா தயாரிப்பில் உண்டாகும் வேண்டாத கலப்பு) குறைந்த யூரியாவாகப் பாருங்கள், இல்லையேல் இலைநுனி கருகும். மாலையில் தெளியுங்கள், உச்சிவெயிலில் துளி உடனே காய்ந்து உப்பு இலையிலேயே தங்கிவிடும். வாடித் தொங்கும் செடிக்குத் தெளிக்க வேண்டாம், நிமிரட்டும்.

வேரடியில் புது வெள்ளை நுனிகள் தெரிந்த பிறகே மண்ணில் உரமிடுங்கள். அப்போதும் வழக்கமான அளவில் பாதி. மீதியை ஒரு வாரம் கழித்து, மறுபடி ஒரு செடியைப் பெயர்த்துப் பார்த்த பிறகு.