ஒரு நிமிடம் எங்களைப் பார்க்க விடுங்கள்

"பார்த்துக்கொண்டு நிக்காம தூக்கி ஏத்துங்கோ!"

அம்புலன்சிலிருந்து கால் கீழே வைக்க முன்னமே இந்தச் சத்தம் வந்துவிடும். திருகோணமலைப் பக்கம் நிலாவெளி வீதியிலும் இதுதான், கிண்ணியாவிலும் இதுதான், அநுராதபுரச் சந்தியிலும் இதுதான். போன கிழமை ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தே விட்டார். அவர்மேல் கோபமில்லை, கூடப்பிறந்தவன் றோட்டில் கிடந்தால் யாரும் பதறத்தான் செய்வார்கள். ஆனால் இந்த அவசரம் ஆளையே கொன்றுவிடும்.

நாங்கள் சும்மா நிற்பதில்லை. "தம்பி, பேர் என்ன?" என்று கேட்பது விசாரணைக்கில்லை. தெளிவாகப் பதில் வந்தால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு இரத்தம் போகிறது என்று அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும். பதில் இல்லையென்றால் தோளைத் தட்டுவோம், அதற்கும் அசையாவிட்டால் வலி கொடுத்துப் பார்ப்போம். இரத்தம் பீறிட்டால் முதலில் அதை அழுத்தி நிறுத்த வேண்டும். பிறகு நெஞ்சு இரண்டு பக்கமும் ஒரேமாதிரி எழும்புகிறதா, மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதா, தோல் குளிர்ந்து வியர்க்கிறதா என்று கை தேடிக்கொண்டே போகும். விரல் நகத்தை அழுத்திவிட்டால் 2 செக்கனுக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும்.

"அதை வாகனத்துக்குள்ள பார்க்கலாம்தானே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நினைவில்லாமல் மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்பக்கம் சரிந்து தொண்டையை அடைக்கும். மூச்சு நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை சேதமாகத் தொடங்கும். தாடையை முன்னுக்குத் தூக்கிவிட்டாலே காப்பாற்றக்கூடிய ஆளை அப்படியே தூக்கி ஏற்றினால், ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவது சடலத்தை. உள்ளுக்குள் இரத்தம் போகிறதென்று சந்தேகம் வந்தால் உங்களைவிட நாங்கள்தான் அவசரப்படுவோம். ஆனால் அந்தச் சந்தேகம் வருவதற்கே ஆளைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

போன கிழமை நடந்ததும் அதுதான். மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பொடியன்கள். ஒருவனுக்கு நெற்றி வெடித்து முகமெல்லாம் இரத்தம், ஊரே அவனைச் சுற்றி நின்றது. அவன் கத்திக்கொண்டிருந்தான். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. மற்றவன் மதகோரம் சாய்ந்திருந்தான். உடம்பில் காயமில்லை, முகம் வெளிறியிருந்தது, மேல் உதடு வியர்த்திருந்தது, நாடி மிக வேகமாக நூலிழைபோல ஓடியது. வயிற்றில் கை வைத்தால் பலகைபோல் இறுகியிருந்தது. உள்ளுக்குள் இரத்தம் போகிறதென்ற சந்தேகம் அதில்தான் வந்தது. அவனுக்குத்தான் யாரோ சோடா பருக்கிக்கொண்டிருந்தார்கள். அவனை முதலில் ஏற்றியதற்குத்தான் அந்த இழுவை. சத்தம் போடாதவனைத்தான் நாங்கள் முதலில் தேடுவோம் என்பதைத் தயவுசெய்து விளங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர், சோடா எதுவும் கொடுக்காதீர்கள். நினைவு மங்கியவருக்கு அது நுரையீரலுக்குள் போகும், சத்திரசிகிச்சை தேவைப்படுபவருக்கும் வயிறு வெறுமையாக இருப்பதுதான் நல்லது. ஹெல்மட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். கை இரண்டு பேர், கால் இரண்டு பேர் என்று தூக்கி ஓட்டோவுக்குள் மடித்துத் திணிக்கவே வேண்டாம். கழுத்தெலும்பு உடைந்திருந்தால், மிச்சமிருக்கும் முள்ளந்தண்டு நரம்பும் அந்தத் திணிப்பில் போய்விடும். வாகனம் மோதும், தீப்பிடிக்கும் என்ற ஆபத்து இல்லாவிட்டால் ஆளைக் கிடந்த இடத்திலேயே விட்டு, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். அழைப்புக்கும் அம்புலன்சுக்கும் காசில்லை. இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டேயிருங்கள், நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.

விபத்து மட்டுமில்லை. றோட்டோரம் தள்ளாடி, நாக்குழறி விழுகிறவரை "குடிச்சிருக்கிறார்" என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். சுகர் இறங்கினாலும் ஆள் அப்படித்தான் இருப்பார், பாரிசவாதத்திலும் அப்படித்தான். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் சுகர் எவ்வளவென்று நாங்கள் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவோம்.

ஆனால் அவர் என்ன மருந்து எடுக்கிறார், எது ஒத்துக்கொள்ளாது, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். அழுகைக்கு நடுவில் அதெல்லாம் நினைவுக்கு வராது. கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் இன்றைக்கே ஓரிடத்தில் எடுத்து வையுங்கள், அம்மா. நாங்கள் வந்தவுடன் கையில் தந்தால் போதும்.