மூன்றாவது வாரத்தில் வரும் வலி

நெடுந்தூர நடைப்பயணம் போகிறவர்களில் சிலர் கிளம்புவதற்கு முன்பே என்னைப் பார்க்க வருகிறார்கள். பாதியில் காலை இழுத்துக்கொண்டு திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். இயன்முறை மருத்துவராக அவர்களிடம் நான் முதலில் கேட்பது, வலி எப்போது ஆரம்பித்தது என்று. பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வரும். முதல் வாரம் உடம்பெல்லாம் வலி, இரண்டாவது வாரம் பரவாயில்லை, மூன்றாவது வாரம் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம் போல இருந்தது, அப்போதுதான் பாதத்தில் ஏதோ சுருக்கென்றது என்பார்கள்.

இவர்கள் போகிற நடைக்கு ஆங்கிலத்தில் த்ரூ ஹைக்கிங் என்று பெயர். ஒரு நீண்ட பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பயணமாக நடந்து முடிப்பது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஜார்ஜியாவில் தொடங்கி மெய்னில் உள்ள கடாடின் மலை வரை, 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கிலோமீட்டர் போகிறது. பசிபிக் கிரெஸ்ட் பாதை மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 4,200 கிலோமீட்டருக்கும் மேல். முதுகில் சுமையோடு ஐந்தாறு மாதம் தினமும் நடக்க வேண்டும். அப்பலாச்சியன் பாதையை முழுதாக நடக்கக் கிளம்புகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார்.

சரி, மூன்றாவது வாரத்தில் என்ன நடக்கிறது? இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். தசைகளும் சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அவை வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். எலும்பின் கதை இன்னும் சிக்கலானது. புதிய பளு விழும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கிறது. அதற்குச் சுமார் மூன்று வாரம். அந்த இடத்தில் புது எலும்பு உருவாகிக் கெட்டிப்பட மாதங்கள் பிடிக்கும். அதாவது, மூச்சு வாங்காமல் மலையேற முடிகிற அதே வாரங்களில் பாத எலும்பு வழக்கத்தைவிடப் பலவீனமாக இருக்கும். அப்போது ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் என்று தூரத்தைக் கூட்டினால் பாதத்தின் நீள எலும்புகளிலோ, முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பிலோ மயிரிழை விரிசல் விழுகிறது.

தசை வலி பரவலாக இருக்கும், நடக்க நடக்கக் குறையும். எலும்பு விரிசலின் வலியை ஒரு விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். நடக்க நடக்கக் கூடும், பிற்பாடு படுத்திருக்கும்போதும் விடாது. இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று மாத்திரை போட்டுக்கொண்டு நடந்து, விரிசலை முழு முறிவாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் முழுக்க, தெம்பு இருந்தாலும், தினமும் 15 கிலோமீட்டரைச் சுற்றியே நடங்கள். இறக்கங்களில் ஊன்றுகோல் வைத்துக்கொண்டால் முழங்காலுக்குப் பளு குறையும்.

எலும்பு தேற உணவு வேண்டும். மலைப்பாதையில் ஒரு நாளில் 4,000 கலோரிக்கும் மேல் செலவாகலாம். அவ்வளவையும் சுமந்துகொண்டு போக யாராலும் முடியாது. எடை குறைவதைப் பலர் சந்தோஷமாகச் சொல்கிறார்கள், எனக்குக் கவலையாக இருக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனால், போதுமான உணவு இல்லை என்று உடம்பு சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பும் கூடவே இளைக்கிறது. மாதவிடாய் வராதது வசதி என்று விட்டுவிடாதீர்கள்.

குளிரும் அப்படித்தான், நமக்குத் தெரியாமலே நம்மைப் பிடிக்கும். உறைபனி வேண்டியதில்லை, 10 டிகிரியில் மழையும் காற்றும் போதும். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் நாக்கு குழறும், கால் தடுக்கும், சட்டையின் ஜிப்பைப் போட விரல் வராது. கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார்கள். அந்தப் பதிலை நம்பாமல் ஈர உடையை மாற்றிவிட்டு, விழுங்க முடிகிறவராக இருந்தால் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள்.

மனம் சோர்வது பெரும்பாலும் அலுப்பினால். நாலு நாள் விடாத மழை, அதே ஈரக் காலுறை, கூட நடந்தவர் விட்டுப்போன தனிமை. அந்த மாலையில் முடிவெடுக்காதீர்கள். வயிறாரச் சாப்பிட்டு, உலர்ந்த இடத்தில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசியுங்கள். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் நடையை நிறுத்திவிட்டு உடனே உதவி தேடுங்கள். எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1954இல் அப்பலாச்சியன் பாதையில் நடக்கப் போய் வழிதவறி, மூக்குக் கண்ணாடி உடைந்து வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு, 67 வயதில், அதே பாதையைத் தனியாக முழுதும் நடந்து முடித்தார். பாதை அங்கேயேதான் இருக்கும்.

முடித்த பிறகு வருகிற துயரத்துக்கு யாரும் தயாராவதில்லை. தினமும் எழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த வாழ்க்கை ஒரே நாளில் நின்றுவிடுகிறது. பசி மட்டும் நடந்த காலத்து அளவிலேயே இருக்கும். காலையில் படி இறங்கும்போது பாதம் வலிக்கும். வீட்டார் வாழ்த்து சொல்லி முடித்ததும் அதைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. ஒருவர் முழங்கால் வலி என்று மூன்று முறை வந்தார். முழங்காலில் எதுவும் இல்லை. மூன்றாவது முறை, திரும்பி வந்ததிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசவில்லை என்று சொல்லி அழுதார். அன்று அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பினேன், முதல் முறையே கேட்டிருக்க வேண்டும்.

இப்போது கிளம்புகிறவர்களிடம், நடந்து முடித்த மூன்றாவது வாரத்துக்கு ஒரு நாளை முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிடுகிறேன். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரச் சொல்கிறேன்.